லெப்பர்ட் கெக்கோவா, கிரெஸ்டட் கெக்கோவா? குஞ்சு பொரித்து விற்க நினைப்பவருக்கு

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டில் பல்லி வளர்ப்பவர்கள் பலருக்கு ஓராண்டு கழிந்ததும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ஒரு பெண் பல்லி ஒரு பருவத்தில் 10, 12 முட்டை இடும். சாதாரண நிறக் குஞ்சே 40, 50 டாலருக்குப் போகும். நான்கு பெண்ணும் ஓர் ஆணும் இருந்தால் தீவனச் செலவு போகக் கையில் கொஞ்சம் நிற்கும். கூட்டல் பெருக்கலில் தவறில்லை. ஆனால் விற்காமல் நிற்கும் குஞ்சு, தினமும் உயிருள்ள பூச்சி கேட்கும் ஐம்பது வாய், வெளியே தெரியாத நோய், பெற்றோர் வழியாக இறங்கும் மரபுக் கோளாறு, வாங்கியவர் வீட்டில் அந்தப் பல்லி வாழப்போகும் 15, 20 ஆண்டு ஆகிய எதுவும் அந்தத் தாளில் ஏறுவதில்லை.

இந்தக் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்பதற்கு லெப்பர்ட் கெக்கோ, கிரெஸ்டட் கெக்கோ என்ற இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது நல்லது. உலகில் வளர்ப்புக்காக அதிகம் விற்கும் பல்லிகளில் இவையும் அடங்கும். இரண்டும் கையடக்கமானவை, சாதுவானவை, கூண்டில் எளிதாக இனம் பெருக்குபவை. முட்டை இட வைப்பதில் இரண்டிலும் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. குஞ்சு வெளியே வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கும். அந்தச் சிக்கல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எந்தப் பல்லி அழகு என்று பார்த்து இனப்பெருக்கத்தில் இறங்குபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலத்துப் பல்லி. 1854-இல் எட்வர்ட் பிளைத் இதை அறிவியலுக்கு விவரித்தார். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிபோல் இதன் கால்விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, தரையில்தான் நடமாடும். கண்ணுக்கு இமை உண்டு, மூடித் திறக்கும். கொழுப்பைச் சேமித்து வைத்த தடித்த வால்தான் அதன் கையிருப்பு. பல பத்தாண்டுகள் பாகிஸ்தானிலிருந்து இது ஆயிரக்கணக்கில் மேற்கு நாடுகளுக்குப் போனது. அதனால் கூண்டு இனத்துக்கு அடித்தளமாக அமைந்த காட்டுப் பல்லிகளின் எண்ணிக்கை பெரிது.

கிரெஸ்டட் கெக்கோவின் கதை வேறு. பசிபிக் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான நியூ கலிடோனியாவின் தென் காடுகளிலும் அதை ஒட்டிய பைன் தீவிலும் மட்டுமே இது வாழ்கிறது. 1866-இல் ஆல்ஃபோன்ஸ் கிஷெனோ இதை விவரித்த பின் நீண்டகாலம் யார் கண்ணிலும் படாததால் அழிந்துபோனது என்றே எண்ணினார்கள். 1994-இல் அங்கே சென்ற ஒரு தேடல் குழு புயல் மழைக்குப் பின் இதை மீண்டும் கண்டது. அதன் பிறகு வெளியே வந்த சில பல்லிகளின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் கூண்டில் இருக்கும் எல்லாக் கிரெஸ்டட்டும். நியூ கலிடோனியா இப்போது இவற்றை ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. காட்டில் இருப்பவற்றையோ, வெளியிலிருந்து குடியேறிய சிறு நெருப்பெறும்புகளும் எலிகளும் நெருக்குகின்றன. ஆகவே கிரெஸ்டட் வளர்ப்பவருக்குப் புது இரத்தம் வெளியிலிருந்து வராது. தன்னிடம் இருப்பது யாருடைய குஞ்சு, அதன் தாத்தா பாட்டி யார் என்று எழுதி வைக்காதவர், நான்கைந்து தலைமுறையில் அண்ணன் தங்கையையே இணை சேர்த்துக்கொண்டிருப்பார். அது அவருக்குத் தெரியவும் தெரியாது. லெப்பர்ட்டிலும் பதிவேடு அவசியம்தான். கிரெஸ்டட்டில் பதிவேடு இல்லாத விற்பனையை நான் ஏற்கவே மாட்டேன்.

அடுத்து வெப்பம். லெப்பர்ட்டுக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி வரை சூடாக இருக்க வேண்டும். தின்றது செரிப்பதே அந்தச் சூட்டில்தான். குளிர்நாட்டில் இதற்கு வெப்பத் தட்டும், அதை அடக்கும் தெர்மோஸ்டாட்டும் ஒவ்வொரு அடுக்குக்கும் வேண்டும். கிரெஸ்டட்டுக்கு 22 முதல் 26 டிகிரி போதும். லண்டனிலோ டொரான்டோவிலோ அது வீட்டின் சாதாரண அறை வெப்பம். 28-ஐத் தாண்டினால் அது துவளும்; அதற்கு மேலும் நீண்டால் செத்துப்போகும். மின் கட்டணம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் குளிர்நாட்டில் கிரெஸ்டட்டே மலிவு. சென்னை மாதிரி ஊரில் அதற்கு இரவும் பகலும் ஏசி ஓட வேண்டும். கோடையில் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றால் ஒரு அறைப் பல்லியும் ஆபத்தில். ஜெனரேட்டருக்கு வழியில்லாதவர் வெப்பநாட்டில் கிரெஸ்டட்டை நினைக்கவே வேண்டாம்.

தீவனத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் அதிகம். லெப்பர்ட் உயிருள்ள பூச்சி மட்டுமே தின்னும்: சிள்வண்டு, டூபியா கரப்பான், மீல்வோர்ம் புழு. முதலில் சொன்ன நான்கு பெண்களுக்கே திரும்புவோம். ஒவ்வொன்றும் 12 முட்டை இட்டால் 48 குஞ்சு. குஞ்சுகளை ஒன்றாக விட்டால் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும், பெரியது சின்னதைத் தின்னவிடாது. எனவே 48 தனிப் பெட்டி. ஒரு குஞ்சுக்கு நாளைக்கு ஆறு சிள்வண்டு என்றால் நாளுக்கு 288, மாதத்துக்கு எட்டாயிரத்துக்கு மேல். அவற்றை வாங்கி வந்தவுடன் அப்படியே போட்டுவிட முடியாது. சிள்வண்டுக்கே ஒரு நாள் முன்னதாகக் காய்கறி கொடுத்து வயிற்றை நிரப்பி, கால்சியமும் டி3 விட்டமினும் கலந்த பொடியில் புரட்டிப் போட வேண்டும். இதில் சோம்பினால் குஞ்சின் எலும்பு வளையும், தாடை மெத்தென்று ஆகும், கால் நிமிராது. எலும்பு ஒருமுறை வளைந்துவிட்டால் பழைய வடிவத்துக்கு வராது.

கிரெஸ்டட் பழமும் தேனும் பூச்சியும் கலந்து தின்னும் பல்லி. அதற்கென்றே தயாரித்த பொடித் தீவனம் கிடைக்கிறது. தண்ணீரில் குழைத்துச் சிறு கிண்ணத்தில் வைத்தால் நக்கித் தின்னும். வாரத்தில் ஒரு நாள் பூச்சி கொடுத்தால் சதை பிடிக்கும். கொடுக்காவிட்டாலும் நல்ல பொடியில் முழு ஆயுளும் வாழும். பூச்சியைத் தொட அருவருப்படைபவர் வீட்டில் இந்தப் பல்லி பரவியதற்கு இதுவே காரணம். ஆனால் வேகத்தில் இது பின்தங்கிவிடும். லெப்பர்ட் குஞ்சு ஏறக்குறைய 3 கிராம் எடையோடு பொரிந்து, இரண்டு மூன்று மாதத்தில் விற்கும் பருவத்துக்கு வந்துவிடும். கிரெஸ்டட் குஞ்சு 2 கிராமுக்கும் குறைவாகப் பிறந்து நான்கு, ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். லெப்பர்ட் வளர்ப்பவர் பூச்சிக்குப் பணம் கொடுப்பார், கிரெஸ்டட் வளர்ப்பவர் இடத்தையும் காலத்தையும் கொடுப்பார். முதல் குழுக் குஞ்சு விற்றுத் தீருமுன் மூன்றாம் குழு பொரிந்து நிற்கும் என்பதைக் கிரெஸ்டட்காரர் முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும்.

முட்டையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய வழக்கம் உடையவை. ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, ஓடு கெட்டியாக இராமல் தோல்போல் மெத்தென்று இருக்கும். ஈரத் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய மூடிய டப்பாவுக்குள் பெண் இறங்கி, முன்காலால் தோண்டி, இட்ட முட்டையைப் பின்காலால் மூடிவிட்டு வெளியே வரும். வயிற்றின் இரு பக்கமும் ஒட்டிப்போய்த் தோல் தொங்கினால் முட்டை டப்பாவுக்குள் இருக்கிறது என்று பொருள். அதை எடுக்கும்போது புரட்டக் கூடாது. முதல் நாளிலேயே கரு மேல்புற ஓட்டில் ஒட்டிக்கொள்வதால் தலைகீழானால் கரு மூழ்கிச் சாகலாம். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் தூளை விலக்கியதும் முதலில் பென்சிலால் மேல்பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். பிறகே கை வைப்பார்கள். ஒரு வாரம் கழித்து இருட்டில் அடியில் டார்ச் பிடித்தால் கருவுற்ற முட்டைக்குள் இளஞ்சிவப்பில் ஒரு வட்டமும் அதிலிருந்து மயிரிழைபோல் ஓடும் இரத்த நாளங்களும் தெரியும். கருவில்லாதது மஞ்சளாக ஒரே ஒளியில் நிற்கும். இதை முதன்முறை பார்ப்பவர் அந்த நிமிடத்தில் தொழில், லாபம் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். எனக்குத் தெரிந்து பலர் யோசிக்காமல் இறங்கியதே அந்த வட்டத்தைப் பார்த்துத்தான்.

இனி ஆண், பெண் விஷயம். விற்பவருக்கு இரண்டு பல்லிக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுவே; ஆனால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

லெப்பர்ட்டில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை வைத்த வெப்பம் தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய எல்லாம் பெண். 30-ஐ ஒட்டி இரண்டும் கலந்து வரும். 32.5 டிகிரியில் ஆண்களே பெரும்பான்மை. அதையும் தாண்டி 34, 35-ஐத் தொட்டால் திரும்பவும் பெண்களே. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸ் குழுவினர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தபோது, அதிகச் சூட்டில் பிறந்த பெண்கள் ஆண்களைப்போல் முரட்டுத்தனம் காட்டுவதைக் கண்டார்கள். ஆகவே பெண் வேண்டுமென்றால் குளிர்ந்த பக்கமே நல்லது. குஞ்சு வெளிவர இரண்டு மாதம் ஆனாலும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு 32-இல் வைத்தால் 40 நாளில் பொரிந்துவிடும், ஆனால் கையில் நிறைய ஆண்கள் தங்கும்.

ஆண்கள் தங்கினால் என்ன? இரண்டு ஆணை ஒரு தொட்டியில் விட்டால் இரத்தம் வரும்வரை கடித்துக்கொள்ளும். ஒரு ஆண் நான்கைந்து பெண்ணுக்குப் போதும் என்பதால், வேறு வளர்ப்பாளர்கள் ஆணை வாங்க வருவதில்லை. தெர்மோஸ்டாட்டைச் சரியாக வைக்கும் லெப்பர்ட் வளர்ப்பவர் இந்தத் தொல்லையைப் பெருமளவு தவிர்க்கலாம். கிரெஸ்டட்டில் அந்த வசதி இல்லை. பாதிக்குப் பாதி ஆண் வரும் என்றே திட்டமிட வேண்டும். அதுவும் குஞ்சாக இருக்கும்போது தெரியாது. சில கிராம் வளர்ந்த பின் கழிவுத் துளைக்கு முன்னால் வரிசையாக இருக்கும் நுண்துளைகளை லூப் கண்ணாடி வைத்துத் தேடி, அவை இருந்தால் ஆண் என்று சொல்வார்கள். தெரியவில்லை என்பதாலேயே பெண் என்று சொல்லிவிட முடியாது. இன்னும் முளைக்காமலும் இருக்கலாம். ‘பெண்’ என்று விலை கூட்டி வாங்கிப் போனவருக்கு மூன்று மாதத்தில் வாலடியில் இரண்டு உருண்டை புடைத்துத் தெரியும்போது, விற்றவர் பெயர் அந்த வட்டாரத்தில் கெட்டுவிடும். பாலினம் உறுதியாகாத குஞ்சை உறுதியாகவில்லை என்று சொல்லி, அதற்குரிய குறைந்த விலைக்கே விற்பதுதான் முறை.

மார்ஃப் எனப்படும் நிறவகைகளுக்கு வருவோம். சாதாரண நிறத்தில் லாபம் இல்லை என்பது எல்லா வளர்ப்பாளருக்கும் தெரியும். விலை இருப்பதெல்லாம் புது நிறத்தில். துன்பம் பெருகுவதும் அங்கேதான்.

லெப்பர்ட்டில் ஒற்றை மரபணுவால் வரும் நிறங்கள் பல. 1990-களில் மூன்று அல்பினோ வழிகள் தனித்தனியே தோன்றின: ட்ரெம்பர், ரெயின்வாட்டர், பெல். பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பவை, ஆனால் மூன்றும் வேறு வேறு மரபணு. ட்ரெம்பரையும் பெல்லையும் இணை சேர்த்தால் குஞ்சு அல்பினோவாக வராது. சாதாரணமாகவே வந்து இரண்டையும் மறைவாகச் சுமக்கும். அந்தக் குஞ்சை விவரம் சொல்லாமல் விற்றால், அதன் பேரன்களில் எது எந்த அல்பினோ என்று யாராலும் பிரிக்க முடியாமல் போகும். பல்லிக்கு இதனால் வலியில்லை. வாங்குபவரின் பல ஆண்டு உழைப்பு வீணாகும்.

வலி தரும் கதைகள் வேறு. 2000-களின் நடுவில் வந்த எனிக்மா என்ற நிறவகை புள்ளிகள் சிதறி அழகாக இருந்தது, விலை ஏறியது. ஆனால் அதைச் சுமக்கும் பல்லிகள் பல தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடித்தன, மேலே அண்ணாந்து நின்றன, இரையைக் குறிபார்த்துக் கடிக்க முடியாமல் தவறவிட்டன. சிலவற்றுக்கு வலிப்பும் வந்தது. நிறத்தைத் தரும் அதே மரபணுதான் நரம்பையும் கெடுக்கிறது என்பதால் கோளாறு இல்லாத எனிக்மாவைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும் முயற்சிகள் எடுபடவில்லை. ஆரோக்கியமாகத் தெரியும் தாய்க்கும் வட்டமடிக்கும் குஞ்சு பிறந்தது.

அதன்பின் லெமன் ஃப்ராஸ்ட். அமெரிக்காவில் பிறந்த ஒரு குஞ்சிலிருந்து வந்த வழி இது. உடலில் வெண்மையும் மஞ்சளும் பளிச்சென்று ஏறி, பார்ப்பவர் எல்லாரும் விரும்பினார்கள். சிறிது காலத்தில் அதே பல்லிகளின் வெள்ளை வயிற்றுத் தோலில் தடித்த கட்டிகள் கிளம்பின. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் பிளாஸ் ஜெனெடிக்ஸ் இதழில் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். ஒளியைச் சிதறடித்து வெண்மை காட்டும் தோல் செல்கள் அடங்காமல் பெருகுவதே அந்த நிறம். கட்டியும் அதே செல்களின் பெருக்கமே. ஸ்பின்ட்1 என்ற மரபணுவோடு அது தொடர்புடையது என்றும், இந்த நிறப் பல்லிகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் கட்டி வந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். வாங்குபவர் விரும்பி விலை கொடுத்த வெண்மையும் நோயும் ஒன்றே. கட்டி தெரியவந்ததும் பல வளர்ப்பாளர்கள் இதைக் கைவிட்டார்கள். அதற்குள் பலர் வீடுகளுக்கு அவை போய்ச் சேர்ந்துவிட்டன. புதுநிறம் ஒன்று கிடைத்ததும் இரண்டு மூன்று தலைமுறை வயதாகும்வரை பொறுத்துப் பார்த்திருந்தால் இவ்வளவு பல்லிகள் துன்பப்பட்டிருக்க வேண்டியதில்லை. சந்தை அவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை என்பதால், பொறுமை வளர்ப்பவரிடம்தான் இருக்க வேண்டும்.

கிரெஸ்டட் பக்கம் நீண்டகாலம் இந்தப் பிரச்சினை குறைவாக இருந்தது. ஃப்ளேம், ஹார்லிகுவின், பின்ஸ்ட்ரைப், கரும்புள்ளி தெறித்த டால்மேஷன் எல்லாம் பல மரபணுக்கள் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்த நிறங்கள். அதனால் குஞ்சு எப்படி வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. மிக அழகான இணைக்கும் மங்கிய பழுப்புக் குஞ்சு பிறக்கும். வரவைக் கணக்கிடுபவருக்கு இது நிச்சயமின்மை. பல்லியின் உடலுக்கு ஒரு பாதுகாப்பு. பிறகு லில்லி ஒயிட் வந்தது. பிரிட்டனில் நிலைநிறுத்தப்பட்ட இந்த வெண்ணிறம் ஒற்றை மரபணுவால் வருவது. ஒரு பிரதி இருந்தால் வெண்மை. இரண்டு பிரதி சேர்ந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துபோகும், அல்லது பொரிந்த சிறிது நேரத்தில் இறக்கும். லில்லி ஒயிட்டை லில்லி ஒயிட்டோடு சேர்த்தால் நான்கில் ஒன்று இப்படிச் சாகும். சாதாரண நிறத்தோடு சேர்த்தால் பாதிக் குஞ்சு வெள்ளையாக வரும், ஒன்றும் இந்தக் காரணத்தால் சாகாது. இவ்வளவு எளிய வழி இருக்கும்போதும் கூடுதல் வெள்ளைக் குஞ்சுக்காக இரண்டு வெள்ளையைச் சேர்ப்பவரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள்.

எனிக்மாவிலும் லெமன் ஃப்ராஸ்டிலும் அந்த மரபணுவைச் சுமக்கும் எந்தப் பல்லியையும் நம்ப முடியாது. வழியையே நிறுத்துவது ஒன்றே தீர்வு. லில்லி ஒயிட்டில் இணையைச் சரியாகத் தேர்ந்தாலே போதும். கிரெஸ்டட்டுக்குச் சாதகமாக நான் சொல்லும் முக்கியமான காரணம் இது.

தாய்ப் பல்லியின் உடல்நிலை வருமானத்துக்கு முன்னால் வர வேண்டும். லெப்பர்ட் பெண் 45, 50 கிராமாவது எட்டி, ஒரு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். கிரெஸ்டட் பெண் 35 கிராமைத் தாண்டி, ஒன்றரை வயதாவது ஆகியிருக்க வேண்டும். வாலில் கொழுப்பு குறைந்த லெப்பர்ட் பெண் முட்டை இடுவதைத் தொடர்ந்தாலோ, முட்டையிடும் ஈர டப்பா சரியில்லாவிட்டாலோ முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கிரெஸ்டட் பெண்ணின் வாயை மெல்லத் திறந்து மேலண்ணத்தைப் பார்த்தால் இரு பக்கமும் வெண்மையாக இரண்டு சிறு பைகள் தெரியும். அது கால்சியக் கிடங்கு. பருவ முடிவில் அவை சுருங்கிக் காணாமல் போயிருந்தால் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கத் தொடங்கிவிட்டாள். உடனே ஆணைப் பிரிக்க வேண்டும். பிரித்தும் முட்டை நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரு இனத்திலும் பெண்ணின் உடலில் விந்து மாதக்கணக்கில் தங்கும். ‘ஆணோடு சேர்க்கவில்லை’ என்று சொல்லி வளர்ந்த பெண்ணை விற்பவர், எப்போதாவது சேர்த்ததுண்டா என்றும் சொல்லக் கடமைப்பட்டவர்.

நோயில் லெப்பர்ட்டின் பக்கம் பாரம் அதிகம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடலில் புகுந்தால் தின்றது உடலில் ஒட்டாது. தடித்த வால் குச்சிபோல் ஆகிவிடும். நம்பகமான மருந்து கிடையாது. அதன் முட்டை உறைகள் சாதாரண ப்ளீச்சுக்கும் அடங்காமல் கருவி, கை, தண்ணீர்க் கிண்ணம் வழியாக ஒரு அறை முழுக்கப் பரவும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு பல்லியையும் தனி அறையில் மாதக்கணக்கில் வைத்து, மலத்தைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பி, தெளிந்த பின்தான் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். ஐந்து பல்லிக்கு இந்தச் சோதனைச் செலவைக் கூட்டிப் பாருங்கள். முதலாண்டு லாபம் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். கிரெஸ்டட்டுக்கும் இந்த ஒட்டுண்ணி வரலாம், ஆனால் வளர்ப்பாளர்களை அடிக்கடி அழவைத்தது லெப்பர்ட்டில்தான்.

மனிதருக்கு வரும் நோயில் கிரெஸ்டட்டும் தப்பவில்லை. 2015-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், கிரெஸ்டட் கெக்கோவோடு தொடர்புடைய சால்மொனெல்லா தொற்றில் பல மாநிலங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதை அறிவித்தது. ஊர்வனவற்றின் குடலில் அந்தக் கிருமி நோய் காட்டாமலே இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்க் குழந்தை உள்ள வீட்டுக்கு ஊர்வன வேண்டாம் என்பது அந்த மையத்தின் அறிவுரை. வாங்க வருபவர் கைக்குழந்தையோடு வந்தால் விற்பவர் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு விற்பனை போனால் போகட்டும்.

வாலைப் பற்றி ஒரு வார்த்தை. லெப்பர்ட் வாலை உதிர்த்தால் திரும்ப முளைக்கும்; கொஞ்சம் குண்டாக, வரி குலைந்து வரும். கிரெஸ்டட் உதிர்த்தால் முளைக்கவே முளைக்காது. காட்டில் வளர்ந்தவை பல வாலில்லாமலே வாழ்கின்றன, உடலுக்கு ஒன்றும் கேடில்லை. ஆனால் சந்தையில் விலை இறங்கும். கூரியர் பெட்டிக்குள் அதிர்ந்து வாலை விட்ட கிரெஸ்டட்டுக்கு யார் பொறுப்பு என்பதை விற்குமுன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரே இரவில் சேர்க்கும் அனுப்புதலுக்கே 40, 50 டாலர் ஆகும். சாதாரண லெப்பர்ட் குஞ்சின் விலையும் ஏறக்குறைய அதுதான். கோடை வெயிலிலும் கடுங்குளிரிலும் அனுப்பாமல் நிறுத்தி வைக்கும் வாரங்களில் தீவனம் உங்கள் செலவு.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 2018 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, வணிகமாக வளர்ப்பு விலங்கு விற்பவர் உள்ளூர் மன்றத்தில் உரிமம் பெற வேண்டும். ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்கு மேல் வரவு இருப்பது வணிகம் என்று பார்ப்பதற்கான அடையாளங்களில் ஒன்று. 16 வயதுக்குட்பட்டவருக்கு விலங்கு விற்பது அங்கே குற்றம். ஆஸ்திரேலியாவில் இரு பல்லியையும் வைத்திருக்கவே அனுமதியில்லை. இந்தியாவில் முதல் கேள்வியே வேறு: உங்கள் தாய்ப் பல்லி எப்படி நாட்டுக்குள் வந்தது? பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் அயல்நாட்டு ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. காகிதமில்லாமல் வந்த தாயின் குஞ்சை விற்பது அந்தக் கடத்தலுக்குத் தேவையை உண்டாக்குவதாகும். லெப்பர்ட்டின் நெருங்கிய உறவினங்கள் மேற்கிந்தியாவிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் காட்டில் வாழ்கின்றன. விசாகப்பட்டினம் பகுதியிலிருந்து ஒரு புது இனத்தை 2022-இல்தான் விவரித்தார்கள். அவற்றைப் பிடித்து வந்து ‘கலப்பு’ செய்து பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது.

இரண்டையும் வைத்துப் பார்த்து நான் சொல்லும் தீர்ப்பு இது. குளிர்ந்த அறை இருக்கிறது, பொறுமை இருக்கிறது, முதல்முறை இறங்குகிறேன் என்பவருக்குக் கிரெஸ்டட் ஒரே ஒரு இணை போதும். லில்லி ஒயிட் இருந்தால் அதற்கு இணை சாதாரண நிறமாக இருக்கட்டும். பூச்சி வளர்க்கத் தெரிந்து, சோதனைச் செலவைத் தாங்கி, எனிக்மாவும் லெமன் ஃப்ராஸ்டும் இல்லாத வழி என்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்தவர் மட்டுமே லெப்பர்ட்டில் இறங்கட்டும்; முட்டையைக் குளிர்ந்த பக்கத்தில் வைக்கட்டும். இரண்டிலும் லாபத்தை நம்பி வேலையை விடக் கூடியவர் ஒருவரையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

இணை சேர்க்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பருவத்தில் வரக்கூடிய குஞ்சுகளின் எண்ணிக்கைக்குப் பெட்டிகளை வாங்கி அறையில் அடுக்கிப் பாருங்கள். ஒன்றுமே விற்காமல் ஓராண்டு அத்தனைக்கும் தீவனம் போட முடியுமா என்று வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். முடியாதென்றால் முட்டையை இட்ட அன்றே உறையவைத்துவிடலாம். அதைவிட நல்லது, ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் வைத்திருப்பது. இரண்டு இனமும் துணையில்லாமல் தனியாக நலமாக வாழும்.